அப்பாவோடு அல்கொன்குயின் காட்டு ஏரிகளில் கேனோ, மீன்பிடிப் பயணம்: எங்கள் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறான். அப்பாவுக்கு 63 வயது. சொந்த ஊர் காவேரிப்பாக்கம் பக்கம், ஏரிக்கரையிலேயே வளர்ந்தவர், இன்றைக்கும் தூண்டிலை எடுத்தால் விடமாட்டார். இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் நானும் அப்பாவும் அங்கே போகிறோம். ஒன்டாரியோவில் உள்ள அல்கொன்குயின் காட்டுப் பூங்காவுக்குள் கேனோவில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) போய், அங்கேயே கூடாரம் போட்டு மீன் பிடிக்க ஆசை. நாங்கள் மூவர், தம்பியின் நண்பர் ஒருவர், ஆக நான்கு பேர்.

தம்பி வரைபடத்தில் ஒரு சுற்று போட்டிருக்கிறான். ஓப்பியாங்கோ ஏரியில் இறங்கி, ஹேப்பி ஐல் ஏரிக்குக் கடந்து, வடக்கே போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். ஏழு நாள், ஒவ்வொரு இரவும் வேறு ஏரி. கேனோ ஓட்டி எங்கள் யாருக்கும் பழக்கம் இல்லை. அப்பாவும் நானும் நீந்துவோம். தம்பி சுமாராக நீந்துவான்.

எனக்கு மூன்று கேள்விகள். இந்தச் சுற்று எங்களால் முடியுமா? செப்டம்பர் கடைசி நல்ல நேரமா? இங்கே வேலூரில் இருந்துகொண்டே எதற்கெல்லாம் தயாராகலாம்?

ஆற்காட்டு ஒன்டாரியோ:

தம்பி, வணக்கம். பிறந்தது ஆற்காடு, இப்போது வீடு ஒன்டாரியோவில். கோடை வந்தால் அந்தக் காட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது எனக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அல்கொன்குயின் 1893இல் தொடங்கியது, ஒன்டாரியோவின் முதல் மாகாணப் பூங்கா. பரப்பு ஏறக்குறைய 7,600 சதுர கிலோமீட்டர். உள்ளே கேனோ போகும் வழிகள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. நெடுஞ்சாலை 60 பூங்காவின் தெற்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சாலையை விட்டு ஓர் ஏரி உள்ளே போய்விட்டால் போன் சிக்னலை மறந்துவிடலாம். ஒருவருக்கு அடிபட்டால் நாம்தான் துடுப்புப் போட்டு அவரை வெளியே கொண்டுவர வேண்டும். திட்டம் போடும்போது இதுதான் முதலில் நினைவில் இருக்க வேண்டும்.

உங்கள் சுற்றில் எனக்கு இரண்டு கவலைகள்.

முதலாவது ஓப்பியாங்கோ. பூங்காவிலேயே பெரிய ஏரி அது. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மேல் காற்று எழும்பினால் வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும், அந்த அலையில் பழகாதவர்கள் நடு ஏரியில் இருக்கவே கூடாது. காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் சுலபமாகப் போகிறோம் என்று தோன்றும். ஆனால் போகப் போக அலை பெரிதாகிக்கொண்டே வரும், திரும்பவும் முடியாது. அந்த ஏரியைக் கடக்க மோட்டார் படகு டாக்சி கிடைக்கிறது, பலரும் அதில்தான் போகிறார்கள். அப்படிப் போனாலும் திரும்பும் நாளும் நேரமும் படகுக்குக் கட்டுப்பட்டவை.

இரண்டாவது போர்ட்டேஜ். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கேனோவையும் மூட்டையையும் தோளில் சுமந்து கடக்கும் காட்டுப் பாதை. ஓப்பியாங்கோவிலிருந்து ஹேப்பி ஐல் போவது இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக உங்களால் முடியாது. முதல் நடையில் மூட்டை, திரும்பி வந்து இரண்டாவது நடையில் கேனோ. அப்படியானால் இரண்டு கிலோமீட்டர் பாதை ஆறு கிலோமீட்டர் நடையாகிறது, அதில் நான்கு சுமையோடு. வரைபடத்தில் அது ஒரு விரல்கடை தூரம்கூட இருக்காது. மழை பெய்த மறுநாள் வேரும் கல்லும் வழுக்கும்போது அதே பாதை அரை நாளைத் தின்றுவிடும்.

கெவ்லார் என்ற லேசான செயற்கை இழையில் செய்த கேனோ எடுத்தால் 18 முதல் 20 கிலோ. அலுமினியம் என்றால் 30 கிலோவைத் தாண்டும். வாடகை கூடினாலும் கெவ்லாரே எடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு கேனோ, ஆளுக்கொரு முனை.

குழுவில் யாருடைய தோள் மெலிந்ததோ அந்தத் தோளை வைத்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள். ஏழு நாளில் ஏழு ஏரி என்பதை இப்போதே விட்டுவிடுங்கள்.

குடியாத்தம் தூண்டில்:

பயணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மீனைப் பற்றி மட்டும் கேட்கிறேன். அங்கே என்ன மீன் விழும்? அப்பா நம்ம ஊர் முறையில் தக்கை கட்டி, மண்புழு கோத்துப் போடுகிறவரா, ரீல் பழக்கம் உண்டா? விரால் என்றால் உயிர்க்குஞ்சு கோத்துப் போட்டே பழகியிருப்பார். அங்கே அது செல்லுமா?

காட்பாடிக்காரன்:

தக்கையும் மூங்கில் கழியும்தான் அண்ணா. கெளுத்திக்கு மண்புழு, விராலுக்கு உயிர்க்குஞ்சு. ரீல் வாங்கிக் கொடுத்தேன், அப்படியே வைத்திருக்கிறார்.

ஆற்காட்டு ஒன்டாரியோ:

உயிர்மீன் இரை அல்கொன்குயினில் முற்றிலும் தடை. தூண்டிலில் கோப்பது மட்டுமல்ல, கையில் வைத்திருந்தாலே குற்றம். ஒரு ஏரியின் குஞ்சு இன்னொரு ஏரியில் தப்பிவிட்டால் அங்கே காலங்காலமாக இருக்கும் ப்ரூக் ட்ரவுட்டுக்கு இடமில்லாமல் போய்விடும். அந்த ஏரிகளின் செல்வமே அந்த மீன்தான், அதனால் இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

மண்புழு பெரும்பாலான ஏரிகளில் செல்லும். சில ஏரிகளில் செயற்கை இரை மட்டும்தான். போகிற ஏரியின் பெயரை மாகாணத்தின் மீன்பிடி விதிப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்: மிச்சமான புழுவைக் கரையில் கொட்டக்கூடாது. நம் வயலில் மண்புழு உழவனின் நண்பன். அங்கே கதை வேறு. பனியுகத்தில் அந்த நிலமெல்லாம் பனிப்பாறைக்கு அடியில் கிடந்ததால் அந்தக் காட்டில் மண்புழுவே இல்லாமல் இருந்தது. இப்போது மனிதர்கள் கொண்டுபோய் விட்ட புழுக்கள் காட்டுத் தரையில் சேர்ந்திருக்கும் இலைச்சருகு மெத்தையைத் தின்று தீர்க்கின்றன. அந்த மெத்தையை நம்பித்தான் அங்கே செடிகள் முளைக்கின்றன. மிஞ்சிய புழுவை டப்பாவிலேயே வெளியே கொண்டுவந்து குப்பையில் போட வேண்டும்.

என்ன மீன் என்றால், லேக் ட்ரவுட், ப்ரூக் ட்ரவுட், ஸ்மால்மவுத் பாஸ். இதில் பாஸ் அப்பாவுக்கு ஏற்றது. விழுந்த மரம், பாறைச்சரிவு, நாணல் ஓரம் என்று கரையை ஒட்டியே இருக்கும், சின்ன ஸ்பின்னருக்கும் (இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரை) பாயும், புழுவுக்கும் வரும். லேக் ட்ரவுட் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோடை முழுக்க ஆழத்தில் கிடக்கும், மேல்நீர் குளிரக் குளிர மேலே வரும். அதற்குக் கனமான ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக இரை) கட்டி, கேனோவை மெல்லச் செலுத்தியபடி இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டு ட்ரவுட்டுக்கும் அங்கே செப்டம்பர் 30உடன் காலம் முடிகிறது. அதன் பிறகு அவை முட்டையிடும் நேரம். நீங்கள் சொல்லும் செப்டம்பர் கடைசி மேப்பிள் இலை சிவக்கும் நேரம், பார்க்க அப்படி இருக்கும். ஆனால் இரவில் உறைநிலைக்கு அருகில் போகும். வேலூர் வெயிலில் இருந்து நேராக வருகிறவருக்கு அது கடினம். மே, ஜூன் என்றால் கருப்பு ஈ முகத்தை மொய்க்கும், ஜூலை வரை கொசு. செப்டம்பர் இரண்டாவது வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி அடங்கியிருக்கும், பகல் இதமாக இருக்கும், மீனும் பிடிக்கலாம்.

வாலாஜா பெரியவர்:

படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை விமானச் செலவு, விசா, குளிர், கரடி எல்லாம் எதற்கு? நம்ம பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள்ளேயே சாத்தனூர் இருக்கிறது, மோர்தானா இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் ஒகேனக்கலில் பரிசல். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது வாலாஜா அணைக்கட்டில் நின்று பார்த்தேன். தண்ணீரைப் பார்க்க ஏழு கடல் தாண்ட வேண்டுமா?

அப்பாவிடம் கேட்டீர்களா? அவருக்கு மீன் பிடிக்க ஆசையா, கனடா பார்க்க ஆசையா, பிள்ளைகளோடு இருக்க ஆசையா? மூன்றும் வேறு வேறு.

பேரணாம்பட்டு மலையடி:

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே அந்த மாதிரிப் பயணம் போக முடியாது ஐயா. மோர்தானாவுக்கு மேலே ஆந்திரப் பக்கம் முழுக்கக் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம், யானைக் காடு. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் இரவு தங்குவதும் மீன் பிடிப்பதும் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு, அங்கே கேனோவில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட முடியாது. அணை மீனும் ஏரி மீனும் குத்தகைக்காரருடையது, கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டை வரும், வரவும் வேண்டும். அவர்கள் பிழைப்பு அது.

காட்டுக்குள் போய்ப் பல நாள் தங்கி, தின்ன மீன் பிடித்து, தங்கிய தடமே விடாமல் திரும்பி வருவதற்கென்றே விதி போட்டு வைத்திருக்கும் இடம் அது. தம்பி அங்கே இருக்கும்போது போகட்டும்.

கரடியைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் யானை இறங்குவது வாழைக்கும் மாவுக்கும். வாசனை இல்லாத வீட்டை அது தொந்தரவு செய்வது குறைவு. அங்கேயும் இதே கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சரியா அண்ணா?

ஆற்காட்டு ஒன்டாரியோ:

ரொம்பச் சரி. அங்கே இருப்பது கருங்கரடி. ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட இருக்கக்கூடாது. பற்பசை, சோப்பு, தைலம் எல்லாமே சாப்பாட்டு மூட்டையோடு போக வேண்டும். மூட்டையைக் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்தை விட்டு விலகிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மூடி இறுகும் பீப்பாயும் வாடகைக்குக் கிடைக்கும், சுமக்கவும் வசதி, மழைக்கும் நல்லது. ஆனால் அதையும் தள்ளித்தான் வைக்க வேண்டும். மீன் குடலைத் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் போடவே கூடாது. மீன் கழுவிய கையோடும் அந்தச் சட்டையோடும் போய்ப் படுக்கக்கூடாது. கரடி எதிரே வந்தால் ஓடாதீர்கள். கையை விரித்து, சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

நெத்திலிக் கருவாடு எடுத்து வரலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். வேண்டாம்.

காட்பாடிக்காரன்:

பெரியவர் ஐயா கேட்ட கேள்வியை நேற்று இரவு அப்பாவிடம் அப்படியே கேட்டேன். கனடா பார்க்கத் தனி ஆசை இல்லை என்றார். "ஏதாவது ஒரு ஏரியில் காலையில தூண்டி போட்டா சாயங்காலம் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் கூட இருக்கணும். ஏரி ஏரியா என்னை ஏன் இழுத்துட்டுப் போறீங்க?" என்றார். நானும் தம்பியும் இத்தனை நாள் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவரைக் கேட்கவே தோன்றவில்லை.

அப்படியென்றால் ஒரே ஏரியில் தங்கும்படி வழி இருக்கிறதா?

ஆற்காட்டு ஒன்டாரியோ:

இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். ஓப்பியாங்கோவை விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலை 60இல் மேற்கு வாசலுக்குச் சற்று உள்ளே கேனோ ஏரி. டொராண்டோவிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கேயே கேனோ வாடகைக்குக் கிடைக்கும், அப்பாவைக் கரையோரத்தில் அரை நாள் பழக்கலாம். கேனோ ஏரியின் வடக்கு முனையில் ஒரே ஒரு போர்ட்டேஜ், 295 மீட்டர், அகலமான நல்ல பாதை. இரண்டு நடை போட்டாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் வரும். கடந்தால் ஜோ ஏரி. அங்கிருந்து டீப்பீ, லிட்டில் டோ வழியாக டாம் தாம்சன் ஏரி வரை தண்ணீரிலேயே போகலாம், மறுபடி தூக்க வேண்டியதில்லை. வறண்ட வருடத்தில் நடுவே குறுகும் இடத்தில் இறங்கித் தள்ள நேரலாம், அவ்வளவுதான். அந்தப் பக்க ஏரிகளில் பாஸும் உண்டு, லேக் ட்ரவுட்டும் உண்டு.

முதல் இரவு ஜோ ஏரி அல்லது டீப்பீ. மறுநாள் டாம் தாம்சன், அங்கேயே மூன்று இரவு. அப்புறம் மெல்லத் திரும்புங்கள். எந்தத் திட்டத்திலும் காற்றுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். காற்று அடித்தால் கரையில் உட்கார்ந்திருக்க அந்த நாள். விமான டிக்கெட்டுக்கும் பயணத்தின் கடைசி நாளுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்றால், கிளம்பியே ஆக வேண்டும் என்று அலையில் இறங்கத் தோன்றும். விபத்து நடப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

டாம் தாம்சன் கனடாவின் பெரிய ஓவியர். அந்த ஏரிகளைத்தான் வரைந்தார். 1917 ஜூலையில் அதே கேனோ ஏரியில்தான் இறந்துபோனார். கேனோவில் நன்றாகப் பழகியவர் அவர். சிறிய ஏரிதானே என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி செவிலி:

தம்பி, நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் உண்டா?

காட்பாடிக்காரன்:

சர்க்கரை இருக்கிறது அக்கா, மாத்திரையில்தான் இருக்கிறார். பிரஷர் இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, முழங்கால் மட்டும் சில சமயம் வலிக்கும்.

சத்துவாச்சாரி செவிலி:

அப்படியானால் கவனமாகக் கேளுங்கள்.

பாதம்தான் முதல் விஷயம். கேனோவில் ஏறி இறங்கும்போது கால் நனையும், அந்த ஈரச் செருப்போடு நாள் முழுக்க இருக்க வேண்டிவரும். சர்க்கரை உள்ளவருக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தண்ணீருக்கு ஒரு ஜோடி, கரைக்கு ஒரு ஜோடி, இரவுக்குக் காய்ந்த கம்பளிக் காலுறை என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொரு சாயங்காலமும் நீங்களோ தம்பியோ டார்ச் அடித்து அவர் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, பார்த்துவிட வேண்டும். அவரே பார்த்துச் சொல்வார் என்று விடாதீர்கள், இந்த வயதில் குனிந்து அடிப்பாதத்தைப் பார்ப்பது சிரமம்.

இரண்டாவது, துடுப்புப் போடுவது புது உழைப்பு. வழக்கமான மாத்திரையோடு அந்த உழைப்பும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் வந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், மூட்டையில் அல்ல. மாத்திரை அளவைப் பற்றி அவர் பார்க்கும் மருத்துவரிடம் இந்தப் பயணத்தை விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். இதயப் பரிசோதனையும் பல்லும் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். காட்டில் பல்வலி வந்தால் பயணமே முடிந்தது.

மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு கேனோவிலும் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் வராது. கேனோப் பயணத்துக்கும் அந்தக் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆற்காட்டு ஒன்டாரியோ:

அக்கா சொன்னது எனக்கே பாடம். தண்ணீரின் குளிரைப் பற்றி நானும் சேர்க்கிறேன். கிணற்றில் குதித்து வளர்ந்தவருக்கு நீச்சலில் பயம் இருக்காது, அந்தத் தைரியமே இங்கே எதிரி. குளிர்நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாக இழுக்கும், அந்த முதல் நிமிடத்தில் வாய்க்குள் தண்ணீர் போய்விடும். கொஞ்ச நேரத்தில் கை விரல் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவது அதனால்தான். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காமல் போட்டு, இறுக்கி, எப்போதும் அணிந்திருக்க வேண்டும்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், மிதக்கும் கயிறு 15 மீட்டர், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, விசில். இவை ஒவ்வொரு கேனோவிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மீன் மாட்டியதும் எழுந்து நிற்கும் பழக்கம் அப்பாவுக்கு இருக்கும். கரையில் நின்று பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. கேனோவில் எழுந்தால் கவிழும். கைவலையில் எடுப்பது பின்னால் இருப்பவர் வேலை, அப்பா உட்கார்ந்தே இருக்கட்டும். இதை வீட்டிலேயே பேசிப் பழகிவிடுங்கள்.

குடியாத்தம் தூண்டில்:

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஏரிக் குத்தகைக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, கரையில் ஒரு தாழ்ந்த பலகை போட்டு அப்பாவை உட்கார வையுங்கள். ரீலும் ஸ்பின்னரும் கொடுத்து, எழாமலே வீசவும் எழாமலே இழுக்கவும் பழக்குங்கள். முதலில் முள்ளைக் கழற்றிவிட்டு ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது முள்ளோடு பின்னால் வீசினால் அது காதில்தான் மாட்டும். தலைக்கு மேலேதான் வீச வேண்டும், பக்கவாட்டில் கூடாது. விரால் பாயும்போது வெட்டி இழுக்கிற கை அவருக்கு இருக்கும், பாஸுக்கும் அது உதவும் என்றுதான் நினைக்கிறேன்.

முள் ஏறினால் எடுக்க ஒரு கட்டிங் பிளையர் மறக்காதீர்கள். முள்ளின் கொக்கியைத் தட்டி மழுக்கிவிட்டுப் போனால் மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வாலாஜா பெரியவர்:

அப்பா சொன்ன பதிலைப் படித்தேன். ரொம்பச் சந்தோஷம். போய் வாருங்கள், இனி தடுக்கமாட்டேன்.

சுமை பழக ஒரு யோசனை. சோளிங்கர் பெரிய மலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இப்போது ரோப் கார் வந்துவிட்டது, அதில் ஏறாமல் முதுகில் பத்து கிலோ அரிசிப் பையோடு நீங்களும் தம்பி நண்பரும்... அவர் அங்கே இருக்கிறார் இல்லையா, சரி, நீங்கள் மட்டும் ஏறுங்கள். அப்பாவை ஏற்ற வேண்டாம், முழங்கால் வலி என்கிறீர்கள். அவர் காலையில் ஏரிக்கரையில் நடக்கட்டும். அங்கே போனாலும் அப்பா தோளில் தூண்டில் கழியும் தண்ணீர்ப் புட்டியும் மட்டும்தான்.

பிராம்ப்டன் தம்பி:

அண்ணா அனுப்பிய இணைப்பில் வந்தேன், எல்லோருக்கும் வணக்கம். சுற்றுப்பாதை போட்டது நான்தான். டாம் தாம்சன் திட்டத்தை நண்பரிடம் காட்டினேன், அவருக்கும் பிடித்திருக்கிறது. ஜூனில் நாங்கள் இருவரும் இங்கே கேனோப் பயிற்சி வகுப்பில் சேர்கிறோம். கவிழ்ந்தால் திரும்ப ஏறுவது வரை சொல்லித்தருகிறார்கள். அண்ணாவும் அப்பாவும் முன்னால் உட்காரட்டும், இரண்டு கேனோவையும் நாங்கள் பின்னால் இருந்து திருப்புகிறோம். நீச்சலும் இப்போதே தொடங்கிவிட்டேன்.

மீன்பிடி உரிமம், சாப்பாடு, தொடர்புக் கருவி, இந்த மூன்றும் என் பொறுப்பு. சொல்லுங்கள்.

ஆற்காட்டு ஒன்டாரியோ:

நல்லது தம்பி. ஒன்டாரியோவில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசிப்பதால் உனக்கு உள்ளூர்க்காரர் உரிமம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வெளிநாட்டவர் உரிமம். கனடாவாசிகளுக்கு 65 வயதுக்கு மேல் சலுகை உண்டு, வெளிநாட்டவருக்கு அது இல்லை. உரிமத்தில் இரண்டு வகை. விலை குறைந்த கன்சர்வேஷன் வகையில் வைத்துக்கொள்ளும் மீன் எண்ணிக்கை குறைவு. உங்களுக்கு அது தாராளம், இரவுக்கு இரண்டு மீன் இருந்தால் நான்கு பேர் சாப்பிடலாம், மீதியை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விதி: உள்காட்டுக்குள் தகர டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் தடை. மருந்துப் புட்டி, எரிபொருள் கலன் போன்ற சாப்பாடு அல்லாதவற்றுக்கு விலக்கு உண்டு. ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். எரிவாயு கலனை விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே வாங்கிக்கொள். அரிசி எரிபொருளை விழுங்கும். அவல், சேமியா, வறுத்த ரவை, பருப்புப்பொடி, அப்பாவுக்குச் சத்துமாவு. வீட்டில் வறுத்து அரைத்த மீன்குழம்புப் பொடி ஒரு பொட்டலம் போதும், பாஸ் துண்டில் புரட்டிக் கல்லில் போட்டால் அமிர்தம். ஏரித்தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) போன்ற விலங்குகளால் பரவும் ஜியார்டியா கிருமி அதில் இருக்கலாம்.

தொடர்புக்குச் செயற்கைக்கோள் செய்திக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். ஆபத்துக்கு ஒரு பொத்தான், அம்மாவுக்குத் தினமும் "நலம்" என்று ஒரு வரி. ஆனால் அந்தக் கருவியை வாங்கி அண்ணனிடம் வேலூருக்குக் கொடுத்தனுப்பாதே. இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

உடையில் பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அப்பாவின் வேட்டி கூடாரத்துக்குள் மட்டும்.

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். புழு விஷயத்தைத்தான் இரண்டு முறை கேட்டார். "அப்போ டப்பாவை நானே பத்திரமா வெச்சுக்கறேன்" என்றார்.

முடிவு இது. செப்டம்பர் 12 கேனோ ஏரி. முதல் இரவு ஜோ, அடுத்து டாம் தாம்சனில் மூன்று இரவு, திரும்பும் வழியில் ஒரு இரவு, காற்றுக்கு ஒரு நாள். அதன் பிறகு பிராம்ப்டனில் நான்கு நாள் கழித்துத்தான் விமானம். விசாவுக்கும் கைரேகைப் பதிவுக்கும் இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். இடம் எப்போது பதிவு செய்ய வேண்டும் அண்ணா?

ஆற்காட்டு ஒன்டாரியோ:

வந்து சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு திறக்கும். செப்டம்பர் 12 என்றால் ஏப்ரல் 12, இங்கே காலை 7 மணி, உங்களுக்கு மாலை 4:30. எந்த இரவு எந்த ஏரி என்று மட்டும்தான் பதிவு. அங்கே போனதும் ஆரஞ்சுப் பலகை வைத்த காலி இடத்தில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் தங்கலாம், அதனால் மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். போர்ட்டேஜுக்கு மஞ்சள் பலகை. ஒரு இடத்தில் ஒன்பது பேர் வரை அனுமதி, உங்களுக்குக் கவலை இல்லை.

பிராம்ப்டன் தம்பி:

ஏப்ரல் 12 காலை நான் உட்கார்ந்துவிடுகிறேன். டாம் தாம்சன் கிடைக்காவிட்டால் மூன்று இரவையும் லிட்டில் டோவில் போடுகிறேன், அதுவும் இல்லையென்றால் டீப்பீ. அண்ணா, அன்றைக்கு நாலரைக்குப் போனைப் பக்கத்தில் வைத்திரு. அப்பா காலணி அளவையும் மார்பு அளவையும் இன்றைக்கே அனுப்பு, லைஃப் ஜாக்கெட் அவருக்குப் பொருத்தமாக முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.